பூ அழகுதான், இலையைத் திருப்பிக் காட்டுங்கள்

காலையில் போனை எடுத்தால், செடி வளர்ப்பவர்கள் சேர்ந்திருக்கும் எங்கள் குழுவில் முதலில் கண்ணில் படுவது பூதான். திண்டுக்கல்லில் இருந்து ஓர் அடுக்குச் செம்பருத்தி, தஞ்சாவூரில் இருந்து கொத்துக் கொத்தாக இட்லிப்பூ, சிங்கப்பூரில் அடுக்குமாடி வராந்தாவில் தொட்டி வைத்திருக்கும் ஓர் அண்ணனிடமிருந்து ரத்தச் சிவப்பில் அடீனியம். கீழே 'இன்று எங்கள் வீட்டில்' என்று ஒரு வரி. உடனே வரிசையாக இதயம், கைதட்டல். நானும் போடுவேன். வளர்த்தவருக்கு அந்தச் சந்தோஷம் வேண்டும்தானே? ஆனால் அந்தப் படத்தில் நான் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. யாராவது தயங்கித் தயங்கி, "அக்கா, பார்க்கவே அசிங்கமா இருக்கு, போடலாமான்னு தெரியல" என்று ஒரு சுருண்ட இலையை அனுப்புவார்கள் பாருங்கள், அப்போதுதான் நான் கண்ணாடியைத் தேடுவேன்.

எங்கள் வீடு மதுரையில். மொட்டை மாடி, மேற்கு வெயில் நேராக இறங்கும், போர்த் தண்ணீர் உப்பு. வாளியில் பிடித்து வைத்தால் விளிம்பில் வெள்ளையாகப் படியும். இந்த லட்சணத்தில் ரோஜா வளர்த்துப் பேர் வாங்குவது நடக்காத காரியம். ஓசூர்ப் பக்கம் இருப்பவர்கள் போடும் ரோஜாப் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி. என் மாடியில் பெரும்பாலும் அடீனியம், ஓரமாகச் செம்பருத்தி, தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் மூலையில் குரோட்டன்ஸ். அடீனியத்தின் சொந்த ஊர் சகாராவுக்குத் தெற்கே இருக்கும் வறண்ட ஆப்பிரிக்காவும் அரேபியாவின் தென்பகுதியும். அடித்தண்டிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அந்தப் பருத்த பகுதியைத்தான் நாங்கள் கிழங்கு என்போம். நம்ம ஊர்ச் சித்திரை வெயில் அதற்குப் பிறந்த வீட்டுச் சாப்பாடு.

அசிங்கமான படங்களின் அருமையைச் சொல்ல ஒரு விஷயம். நாகர்கோவில் தம்பி ஒருவர் செம்பருத்திக் கொழுந்தைப் படமெடுத்து அனுப்பினார். நுனியெல்லாம் வெள்ளை. "மாவுப்பூச்சி அக்கா. சிலது மட்டும் பெருசா வளர்ந்து ஓடுது. என்ன மருந்து அடிக்கட்டும்?"

'ஓடுது' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மாவுப்பூச்சி ஓடாது. குஞ்சுப் பருவத்தில் கொஞ்சம் ஊரும், அப்புறம் ஓரிடத்தில் வாயை ஊன்றிச் சாறு உறிஞ்சிக்கொண்டு கிடக்கும். கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. சின்னச் சின்ன வெள்ளைப் பூச்சிகள் நடுவே, அவற்றைப்போல மூன்று மடங்கு நீளத்தில் ஒன்று. உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு, திரித் திரியாகத் தொங்குகிறது. மாவுப்பூச்சிக்கு ஓரத்தில் இருக்கும் திரி குட்டையாக, வரிசையாக இருக்கும். இதற்கு நீண்டு, கலைந்து, ஒழுங்கில்லாமல் கிடந்தது. அது மாவுப்பூச்சியே இல்லை. மாவுப்பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டின் புழு. எதைத் தின்கிறதோ அதன் வேஷத்திலேயே உள்ளே புகுந்து தின்னும். மாவுப்பூச்சியைக் காவல் காக்கும் எறும்புகளும் இந்த வேஷத்தில் பல சமயம் ஏமாந்துபோகும்.

கிரிப்டோலீமஸ் என்பது அதன் பெயர். ஆஸ்திரேலிய வண்டு. 1898இல் காப்பித் தோட்டத்துப் பூச்சிகளைப் பிடிக்க இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வளர்ந்த வண்டு மிளகை விடச் சற்றுச் சின்னது. முதுகு கறுப்பு, தலையும் பின்முனையும் ஆரஞ்சு. இப்போது இதை ஆய்வகத்தில் வளர்த்து விவசாயிகளுக்கு விற்கவும் செய்கிறார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டியது சும்மா வந்திருக்கிறது, அதைக் கொல்ல மருந்து கேட்கிறார் தம்பி! "ஒண்ணும் அடிக்காதீங்க, எறும்பு ஏறாம மட்டும் பார்த்துக்கோங்க" என்றேன். பூ மட்டும் தெரியும்படி ஒரு படம் போட்டிருந்தால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்?

மாவுப்பூச்சி என்றதும் எங்களைப்போன்ற பழைய ஆட்களுக்கு ஞாபகம் வருவது பப்பாளி மாவுப்பூச்சிதான். 2008இல் கோயம்புத்தூரில் முதலில் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று விவசாயிகள் வயிற்றில் அடித்தது. அழகுச் செடிகளையும் விடவில்லை. செம்பருத்தி வேலிகள் சுண்ணாம்பு அடித்த மாதிரி நின்றன. என்ன மருந்து அடித்தாலும் மெழுகைத் தாண்டி உள்ளே போகாது. கடைசியில் 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து, பெருக்கி, ஊர் ஊராக விட்டார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக் குளவி அது. பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். சில மாதங்களில் நிலைமை மாறியது. மருந்து அடித்துக்கொண்டே இருந்த தோட்டத்தில் குளவியும் சேர்ந்து செத்தது என்பது அப்போதே எல்லாரும் பார்த்த விஷயம். அதனால்தான் 'என்ன அடிக்கட்டும்' என்ற கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. முதலில் இலையின் அடிப்பக்கத்தைக் காட்டுங்கள் என்பேன். எறும்பு வரிசை போகிறதா என்றும் கேட்பேன். எறும்பு ஏறினால் மேலே சாறு உறிஞ்சும் ஏதோ ஒன்று இருக்கிறது.

அடுத்து, மஞ்சள் இலை. வரும் கேள்விகளில் பெரும்பங்கு இதுதான். ஒற்றை இலையைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் படமெடுத்து, 'இது ஏன்?' என்று கேட்பார்கள். சாமி, அது செடியில் எந்த இடத்தில் இருந்தது என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும்? அடியில் இருக்கும் பழைய இலை முழுக்க ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துப் பற்றாக்குறை என்று யோசிக்கலாம். பழைய இலையில் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். அதே நரம்புப் பச்சை மேலே கொழுந்தில் வந்தால் இரும்புச்சத்து. செம்பருத்தியிலும் இட்லிப்பூவிலும் உப்புத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது கட்டாயம் வரும். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. அந்தத் தண்ணீரால் காரத்தன்மை ஏறிய மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது.

இதற்குத் தொட்டியில் துருப்பிடித்த ஆணியைக் குத்திவைக்கச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். ஆணியில் இருக்கும் துருவும் அதே மாதிரி வேருக்கு எட்டாத இரும்புதான், குத்தியும் பயனில்லை. அன்னபேதி உப்பை (ஃபெரஸ் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளித்துப் பாருங்கள். அடுத்து விடும் கொழுந்து பச்சையாக வரும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்து ஊற்ற வசதி இருந்தால் இன்னும் நல்லது. வெங்காயத்தோல் ஊறவைத்த தண்ணீர், அரிசி கழுவின தண்ணீர், வாழைப்பழத்தோல் தண்ணீர் இவற்றைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொன்னால் கோயம்புத்தூர் அக்கா கோபித்துக்கொள்வார். அவருக்கு அதில் பூக்கிறது, பூக்கட்டும்.

அடீனியத்தில் மஞ்சள் இலை வந்தால் நான் மாதத்தைக் கேட்பேன். மார்கழியில் இலை பழுத்து உதிர்ந்தால் செடி ஓய்வுக்குப் போகிறது. தண்ணீரைக் குறைத்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம். ஐப்பசி அடைமழையில் உதிர்ந்தால் வேருக்குக் கீழே தண்ணீர் நிற்கிறது, உடனே கவனிக்க வேண்டும். சித்திரையில் இலை பழுக்காமல், வெளுத்து, புள்ளி புள்ளியாகச் சாம்பல் படிந்த மாதிரி இருந்தால் சிலந்திப்பேன். ஒரு வெள்ளைத் தாளை இலைக்குக் கீழே பிடித்துக்கொண்டு இலையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசி நகர ஆரம்பித்தால் அது தூசி இல்லை. இலையின் அடிப்பக்கத்தில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி ஒழியும், தொடர்ந்து அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊர் சொல்லாமல் படம் போடுபவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. சிங்கப்பூர் அண்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க மழை. அவர் அடீனியத் தொட்டியில் மண் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. எரிமலைக் கல், பெர்லைட் என்கிற லேசான வெள்ளைக் கல், கொஞ்சம் கரித்துண்டு. ஊற்றின தண்ணீர் நிற்காமல் ஓட வேண்டும். தொட்டிக்குக் கீழே தட்டு வைப்பதற்கும் அவருக்குப் பயம், தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு இருந்தால் அங்கே அபராதம் கட்ட வேண்டும். அந்தக் கலவையை அப்படியே பார்த்து மதுரையில் ஒருவர் வைத்தார். மே மாதம், மாடி. காலையில் ஊற்றினால் மத்தியானத்துக்குள் காய்ந்து எலும்பாகிவிட்டது. இங்கே செம்மண் ஒரு பங்கு, கழுவின ஆற்று மணல் இரண்டு பங்கு, மக்கின எரு ஒரு பங்கு என்றால்தான் செடிக்கும் நமக்கும் நிம்மதி. மணல் கிடைக்காவிட்டால் செங்கல் ஜல்லியைப் பொடித்துப் போடலாம். அண்ணன் சொன்னதும் சரி, இவர் செய்ததும் சிரத்தையோடுதான். இடையில் விட்டுப்போனது ஊர்ப் பெயர்.

படத்தில் வராத விஷயம் ஒன்று உண்டு, அது தொடு உணர்ச்சி. கிழங்கு அழுகுகிறதா, இல்லை தாகத்தில் தொய்ந்திருக்கிறதா என்று புகைப்படத்தை வைத்துச் சொல்லவே முடியாது. இரண்டுமே சுருங்கித்தான் தெரியும். அதனால் கட்டைவிரலால் கிழங்கைச் சுற்றி அழுத்தி வீடியோ எடுக்கச் சொல்வேன். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி லேசாக அமுங்கினால் தாகம், தண்ணீர் ஊற்றினால் சில நாளில் இறுகிவிடும். ஓர் இடத்தில் மட்டும் விரல் புதைந்து, தோல் நிறம் மாறி, நீர் கசிந்தால் அழுகல். இதற்கு இரக்கம் பார்க்கக் கூடாது. செடியைப் பிடுங்கி, மண்ணைக் கழுவி, கத்தியைச் சூடுகாட்டித் துடைத்துவிட்டு, பழுப்பு நிறம் துளியும் இல்லாத சதை தெரியும்வரை வெட்ட வேண்டும். சிலசமயம் கிழங்கில் பாதி போய்விடும். வெட்டின இடத்தில் பூஞ்சைக்கொல்லித் தூளைத் தடவி, நிழலில் தொங்கவிட்டுக் காயம் நன்றாகக் காய்ந்த பிறகு, ஈரமில்லாத கலவையில் நடலாம். நட்ட உடனே தண்ணீர் ஊற்றக் கூடாது. சேலத்தில் ஒரு டீச்சர் இப்படி வெட்டின கிழங்கை வாரா வாரம் படமெடுத்துப் போட்டார். முதலில் குடைந்த இளநீர்போல இருந்தது. மெல்ல மெல்ல ஓரம் சுருண்டு, தோல் மூடி, இப்போது அந்தக் குழியே அந்தச் செடிக்கு ஓர் அழகு. அந்தப் படங்களுக்கு இதயம் குறைவாகத்தான் விழுந்தது. ஆனால் கிழங்கு அழுகலைப் பற்றி இன்றைக்கும் யார் கேட்டாலும் நாங்கள் அதைத்தான் தேடி எடுத்துக் கொடுக்கிறோம்.

செடியின் சாறு பற்றியும் ஒரு வார்த்தை. அடீனியம் அரளிக் குடும்பம். அதன் சாறு விஷம், ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர்கள் அம்பு நுனியில் தடவுவார்கள். வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், கண்ணைக் கசக்காதீர்கள்.

இந்த விஷத்தைக் கண்டு அசராத ஓர் ஆள் இருக்கிறார். ஒரே ராத்திரியில் கிளை மொட்டையாகிவிட்டது என்று யாராவது அழுதால் நான் கேட்பது, "கீழே மிளகு சைஸில் எச்சம் கிடக்கிறதா?" கிடந்தால் செடியில் எங்கேயோ விரல் பருமனில் ஒரு பச்சைப் புழு உட்கார்ந்திருக்கும். தலைக்குக் கொஞ்சம் பின்னால் இரண்டு பக்கமும் நீலக் கண் மாதிரிப் பொட்டு. அரளி, நந்தியாவட்டை, அடீனியம் மூன்றையும் தின்னும். பயந்து பெரிய மருந்துக்கு ஓட வேண்டாம், இடுக்கியால் எடுத்து ஓரத்தில் இருக்கும் அரளிச் செடிக்கு மாற்றிவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். அந்துப்பூச்சியாக வெளியே வரும்போது பச்சையும் இளஞ்சிவப்புமாகப் பட்டுச்சேலை வாங்கத் தோன்றும் நிறத்தில் இருக்கும். வீட்டுக்காரர் இதற்குச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

படம் எடுக்கும் விதம் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். பெரிய கேமரா ஒன்றும் வேண்டாம். போனில் அழகுபடுத்தும் வசதி எதுவாக இருந்தாலும் அதை அணைத்துவிடுங்கள். அது இலையைத் தானாகவே இன்னும் பச்சையாக்கிக் காட்டும், நோய் மறைந்துபோகும். ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளோ பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கமோ தெரியும்படி எடுத்தால் நிஜ நிறம் எது என்று எங்களுக்குப் பிடிபடும். ஒரு ரூபாய்க் காசைப் பக்கத்தில் வைத்தால் அளவும் தெரிந்துவிடும். உச்சி வெயிலில் சிவப்புப் பூவை எடுத்தால் இதழின் மடிப்பெல்லாம் போய் ஒரே சிவப்புத் திட்டாக வரும், காலையிலோ குடை நிழலிலோ எடுங்கள். முழுச் செடி ஒன்று, தொட்டியும் மண்ணும் ஒன்று, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாகுமெண்டாக அனுப்பினால் பேனின் கால்வரை தெரியும்.

இன்னொரு தொல்லை, விற்பனைப் படங்கள். நீல ரோஜா விதை, வானவில் ரோஜா விதை, கறுப்பு அடீனிய விதை. எங்கள் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி ஆன்லைனில் நீல ரோஜா விதை வாங்கினாள். முளைத்தது என்னவோ கீரை ஜாடையில் ஏதோ ஒரு செடி. ஜப்பானில் சன்டோரி நிறுவனம் பல வருடம் மெனக்கெட்டு, மரபணுவை மாற்றி ஒரு ரோஜாவை உருவாக்கி 2004இல் அறிவித்தது, 2009இல் விற்பனைக்கு விட்டது. அதுகூடப் பார்த்தால் இளம் ஊதாதான். பாக்கெட் விதையில் வானத்து நீலம் வருமா? தவிர, நல்ல ரகம் ரோஜாவை யாரும் விதையில் விற்பதில்லை. ஒட்டுச்செடி அல்லது பதியம்தான். கடைகளில் விற்கும் அடர்நீல ஆர்க்கிட்டும் சாயம் ஏற்றின வெள்ளைப் பூதான், அடுத்த தண்டில் வெள்ளையாகப் பூக்கும்.

நர்சரிப் படமும் முழு உண்மை இல்லை. கடையில் முழ உயரத்தில் குடம்போலப் பூத்து நிற்கும் செம்பருத்திக்குப் பல இடங்களில் வளர்ச்சியை அடக்கும் மருந்து கொடுத்திருப்பார்கள். அந்த வேகம் தீர்ந்ததும் நம் வீட்டில் கிளை நீண்டு ஓடும், பூ சிறுக்கும். நீங்கள் எதுவும் கெடுத்துவிடவில்லை. கவாத்து செய்து, நன்றாக வேர் பிடிக்க விட்டு, அடுத்த பருவம்வரை பொறுங்கள். அதனால்தான் ஒரு ரகத்தைப் பற்றி யாராவது கேட்டால், வாங்கி ஒரு வருடம் ஆனவர்களின் படத்தைத்தான் நான் எடுத்துக் கொடுப்பேன்.

சரி, கடைசியாக விதை விஷயம். இப்போது என் மாடியில் அடீனியம் காய் பிடித்திருக்கிறது. ஜோடி ஜோடியாக, மாட்டுக் கொம்பு மாதிரி விரிந்து நிற்கும். வெடித்தால் விதை பறந்துவிடும். குச்சி விதையின் இரண்டு முனையிலும் பட்டுக் குஞ்சம் இருக்கும், காற்றடித்தால் அடுத்த தெருவில்தான் பொறுக்க வேண்டும். அதனால் காயின் மேல் நூல் சுற்றிக் கட்டியிருக்கிறேன். முற்றினதும் எடுத்து, குஞ்சத்தைத் தேய்த்து உதிர்த்து, தபால் உறையில் போட்டு அனுப்புகிறேன். கேட்டவர்கள் முகவரியைத் தனியாக அனுப்புங்கள், எல்லாரும் பார்க்கும் இடத்தில் போடாதீர்கள். வந்ததும் தள்ளிப்போடாமல் விதையுங்கள், புது விதை ஒரு வாரத்துக்குள் முளைக்கும். தேனீயும் எறும்பும் எந்தப் பூவின் மகரந்தத்தை எதில் சேர்த்தனவோ, தாய்ச்செடியின் நிறம் வரும் என்று உத்தரவாதம் கிடையாது. உறையின் மேல் 'கலப்பு' என்று மட்டும்தான் எழுதுவேன்.